டிக்கெட் எடுத்து இருட்டைப் பார்த்தவர்கள்

செமஸ்டர் தேர்வு நெருங்கும் வாரங்களில் ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் ஏறினால், பெட்டிக்குப் பெட்டி ஜெராக்ஸ் தாள்கள் விரிந்திருக்கும். கணக்கியல், கணினி, ஆங்கில இலக்கியம் என்று எல்லாப் பாடமும் அங்கே முணுமுணுக்கப்படும். படிப்பவர்களில் ஊரார் அதிகம் கேலி செய்வது விஸ்காம் என்ற காட்சித் தொடர்பியல் மாணவர்களைத்தான். "படம் பாக்குறதுக்கெல்லாம் பரீட்சையாடா?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். சினிமாவையும் தொலைக்காட்சியையும் பற்றிய அந்தத் தாளின் முதல் யூனிட்டில் இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று உட்கார்ந்திருக்கும்: அசையாத படங்கள் திரையில் அசைவதுபோல் தெரிவது ஏன்?

மாணவர்கள் மனப்பாடமாக எழுதும் விடை இது: "பார்வை நீடிப்பு. ஒரு பிம்பம் விழித்திரையில் பதினாறில் ஒரு நொடி தங்குகிறது. அது மறைவதற்குள் அடுத்த பிம்பம் வந்து சேர்வதால் அசைவு தோன்றுகிறது." இரண்டு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் இந்த விளக்கம் போதாது என்று ஆய்வாளர்கள் சொல்லத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சரியான விடை இதைவிட விநோதமானது. அதைத் தேடிப் போனால் சினிமா, தொலைக்காட்சி, படத்தொகுப்பு ஆகியவற்றோடு, தேர்வுக்குப் படிப்பது எப்படி என்ற கேள்விக்கும் வழி கிடைக்கிறது.

ஒரு மணி நேர இருட்டு

பழைய ஃபிலிம் புரொஜெக்டரிலிருந்து தொடங்குவோம். ஃபிலிம் சுருள் அதற்குள் ஆறுபோல் ஓடுவதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நின்று நின்றுதான் போகும். ஒரு ஃபிரேம் விளக்கின் முன் வந்து நிற்கும். பிறகு பல் சக்கரம் அதை வெடுக்கென்று இழுத்து அடுத்ததைக் கொண்டுவரும். ஒரு நொடிக்கு 24 முறை இந்த நிற்றலும் இழுத்தலும் நடக்கும். இழுக்கும்போது விளக்கு எரிந்தால் திரையில் வெறும் கோடும் தீற்றலும்தான் தெரியும். அதனால் அந்த நேரம் முழுக்கச் சுழலும் தகடு ஒன்று ஒளியை மறைத்துக்கொள்ளும்.

அதோடு முடியவில்லை. நொடிக்கு 24 முறை மட்டும் ஒளி விட்டு விட்டு வந்தால் கண் அதைக் கண்டுபிடித்துவிடும், திரை படபடக்கும். ஆகவே ஃபிரேம் அசையாமல் நிற்கும் நேரத்திலும் தகட்டின் இன்னொரு இதழ் ஒரு முறை குறுக்கே வந்து போகும். ஒவ்வொரு படமும் இரண்டு முறை மின்ன, நொடிக்கு 48 மின்னல்கள். அந்த வேகத்தில் திரையரங்கின் மங்கலான ஒளியில் படபடப்பு அடங்கிவிடும். மூன்று இதழ் வைத்து 72 மின்னல்கள் தரும் புரொஜெக்டர்களும் இருந்தன.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃபிரேம்கள். 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம் என்பதால் மொத்த நீளம் 13,500 அடி, நான்கு கிலோமீட்டருக்கும் மேல். தண்டவாளத்தின் மேல் விரித்தால் அம்பத்தூரிலிருந்து ஆவடி போகும் பாதையில் பாதியைத் தாண்டும். இத்தனையும் ஓடி முடிகிற நேரத்தில் ஏறக்குறைய பாதி, தகடு ஒளியை மறைத்திருந்த நேரம். அதாவது, இரண்டரை மணி நேரம் படம் பார்த்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டைப் பார்த்திருக்கிறார்கள். விசில் அடித்தவருக்கும் தெரியாது, கண்ணீர் விட்டவருக்கும் தெரியாது.

24 என்ற எண்ணில் மந்திரம் ஒன்றுமில்லை. 1910களின் பிற்பகுதியில் நடராஜ முதலியார் சென்னையில் 'கீசக வதம்' என்ற மௌனப் படத்தை எடுத்தபோது கேமராவைக் கையால்தான் சுற்றினார்கள். கை சுற்றும் வேகமே படத்தின் வேகம். கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கண் பொறுத்துக்கொண்டது, காது பொறுக்கவில்லை. ஃபிலிமிலேயே ஒலியைப் பதியத் தொடங்கியதும் வேகம் மாறினால் குரல் மாறிப்போகும் என்பதால் ஒரே வேகம் தேவைப்பட்டது. 1920களின் இறுதியில் ஹாலிவுட்டில் 24 நிலைத்தது. 'காளிதாஸ்' வெளிவந்த 1931 முதல் தமிழ்ப் படங்களும் பேசத் தொடங்கின.

ஆடி மாத விளக்குகள் சொல்லும் விடை

இருட்டு ஏன் தெரியவில்லை என்பது ஒரு கேள்வி. படம் ஏன் அசைகிறது என்பது வேறு கேள்வி. மனப்பாட விடை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. வேகமாக மின்னும் ஒளியைத் தொடர் ஒளியாகக் காண்பதில் பார்வை அமைப்பின் மந்தத்துக்குப் பங்கு உண்டு. அது முதல் கேள்விக்கு விடை. இரண்டாவதற்கு அது உதவாது. ஒரு பிம்பம் மறையும் முன்னே அடுத்தது வந்து மேலே விழுந்தால் என்ன ஆகும்? கிரிக்கெட் பந்து ஓடாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பந்துகள் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். தங்கிப்போன பிம்பங்கள் குவியலைத் தருமே தவிர, ஓட்டத்தைத் தராது.

இந்தத் தவறின் பூர்வீகம் சுவையானது. பாடநூல்கள் வழக்கமாகச் சுட்டுவது பீட்டர் மார்க் ரோஜே என்ற ஆங்கிலேய மருத்துவரை. பின்னாளில் ஆங்கிலச் சொற்களஞ்சியம் தொகுத்துப் புகழ்பெற்றவர் இவர்தான். 1824இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் படித்த கட்டுரை, வேலிக் கம்பிகளின் இடுக்கு வழியே பார்க்கும்போது ஓடும் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் வளைந்து, நின்றுபோனதுபோல் தெரிவதைப் பற்றியது. அசைவதை அசையாததாகக் காண்பதை விளக்கிய கட்டுரை, அசையாததை அசைவதாகக் காண்பதற்குச் சான்றாகிவிட்டது.

சரியான வழியை 1912இல் காட்டியவர் மாக்ஸ் வெர்தைமர். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அவர் செய்த சோதனை மிக எளியது. அருகருகே இரண்டு கோடுகள். ஒன்று மின்னி மறையும், சிறிது நேரம் கழித்து மற்றது மின்னும். இடைவெளி ஐந்தில் ஒரு நொடி அளவுக்கு நீண்டால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோடுகள் தெரியும். நொடியின் நூறில் மூன்று பங்காகச் சுருங்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் எரிவதாகத் தெரியும். நடுவே, நூறில் ஆறு பங்கு அளவில் வைத்தால் அதிசயம் நடந்தது. இரண்டு கோடுகள் காணாமல் போய், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது.

இதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஆடி மாதத்தில் திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் பக்கமோ அம்பத்தூர், ஆவடித் தெருக்களிலோ ஒரு மாலை நடந்தால் போதும். சீரியல் பல்பு அலங்காரத்தில் ஒளி வளைவு முழுக்க ஓடும். மின்விளக்கு அம்மன் கையை உயர்த்தி ஆசி கொடுப்பாள். மயில் தோகை விரிக்கும். ஒரு பல்பும் இடம் பெயர்வதில்லை. ஒன்று அணைகிறது, பக்கத்தில் ஒன்று எரிகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில், பல்பே இல்லாத இடத்தில், ஒளி ஓடுவதை நாம் காண்கிறோம். அங்கே ஓடுவது நம் மூளையின் முடிவு: "இங்கே இருந்த பொருள்தான் அங்கே போயிருக்க வேண்டும்."

1916இலேயே ஹியூகோ மன்ஸ்டர்பெர்க் என்ற உளவியலாளர் சினிமாவைப் பற்றி ஒரு நூல் எழுதி, திரையில் காணும் அசைவு மனம் படைத்துத் தருவது என்று வாதிட்டார். அப்படிப் படைக்கும் இடம் மூளையில் உண்மையிலேயே இருக்கிறது. தலையின் பின்பகுதியில் வி5 என்று குறிக்கப்படும் ஒரு சிறு பரப்பு அசைவைக் கண்டறிவதில் தேர்ந்தது. அந்தப் பரப்பின் இருபுறமும் சேதமடைந்த ஜெர்மானியப் பெண் ஒருவரைப் பற்றி 1983இல் மருத்துவ ஆய்வேடு ஒன்று வெளியானது. நிறம் தெரியும், முகம் தெரியும், எழுத்துத் தெரியும். அசைவு மட்டும் தெரியாது. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது உறைந்து நிற்பதாகத் தெரியும்; எப்போது நிரம்பியது என்று தெரியாமல் வழிந்துவிடும். அறையில் நடப்பவர்கள் திடீரென்று இங்கே இருப்பார்கள், திடீரென்று அங்கே இருப்பார்கள். தூரத்தில் தெரிந்த கார் அடுத்த பார்வையில் அருகில் நிற்கும். சாலையைக் கடப்பதே ஆபத்தானது.

சினிமாவுக்கென்று மூளையில் தனி வித்தை எதுவும் இல்லை என்பதை இது புரியவைக்கிறது. திரையில் படத்தை ஓட்டுகிற அதே ஏற்பாடுதான் திருமழிசைச் சாலையில் எதிரே வரும் லாரியையும் ஓட்டிக் காட்டுகிறது.

பெட்டிக்குள் முழுப் படம் இருந்ததே இல்லை

சினிமாவிலாவது ஒரு நேரத்தில் ஒரு முழுப் படம் திரையில் இருந்தது. பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சியில் அதுவும் கிடையாது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்தக் காலத்து இந்திய ஒளிபரப்பு 625 கோடுகள் கொண்டது. டியூப்புக்குள் எலெக்ட்ரான் கற்றை ஒன்று ஒரே ஒரு புள்ளியாகத் திரையைத் தாக்கும். அந்தப் புள்ளி இடமிருந்து வலமாக ஒரு கோடு வரையும், பிறகு அடுத்த கோடு, அடுத்தது என்று கீழே இறங்கும். முதலில் ஒற்றைப்படைக் கோடுகளை மட்டும் வரைந்துவிட்டு, மேலே திரும்பி வந்து இரட்டைப்படைக் கோடுகளை வரையும். நொடிக்கு 50 அரைப் படங்கள், அதாவது 25 முழுப் படங்கள், 15,625 கோடுகள். 50 என்ற எண், நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது என்பதிலிருந்து வந்தது. இரண்டும் ஒத்துப்போனால் படத்தில் குறுக்கே ஊரும் பட்டைகள் தொல்லை தராது.

புள்ளி கடந்து போனதும் திரையின் அந்த இடம் சட்டென்று மங்கத் தொடங்கிவிடும். அதிவேக ஷட்டர் வைத்த கேமராவால் அந்தத் திரையைப் படமெடுத்தால், ஒளிரும் பட்டை ஒன்றும் மீதியெல்லாம் இருட்டும்தான் பதியும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாட்டு நிகழ்ச்சியைப் பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்ததே, அவர்கள் எதிரே எந்தக் கணத்திலும் ஒரு முழு முகம் ஒளிர்ந்துகொண்டிருக்கவில்லை. ஓடும் புள்ளி ஒன்றிலிருந்து சிவாஜியையும் எம்.ஜி.ஆரையும் கட்டி எழுப்பியது அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த தலைகள்.

சினிமாவின் 24, தொலைக்காட்சியின் 25 ஆகிய இரண்டுக்கும் இடையே உள்ள அந்த ஒன்று இன்னொரு வேடிக்கையைச் செய்தது. 25 படம் காட்டும் முறையைப் பின்பற்றிய நாடுகளில் சினிமாவை ஒளிபரப்ப எளிய வழி, அதை நொடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் ஓட்டிவிடுவது. வேகம் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். ஒலியை அப்படியே விட்டால் பாட்டின் சுருதியும் ஏறும். பன்னிரண்டு சுரத்தானங்களில் ஏறத்தாழ முக்கால் படி. நல்ல சங்கீதக் காதுள்ளவர்களுக்கு, திரையரங்கில் கேட்ட பாட்டு வீட்டில் கொஞ்சம் 'தூக்கலாக'க் கேட்க இந்த ஒன்று போதும்.

இன்றைய எல்இடி தொலைக்காட்சியில் கதை தலைகீழ். அங்கே புள்ளி ஓடுவதில்லை. ஒரு படம் வந்தால் அடுத்தது வரும் வரை முழுத் திரையும் அதைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் விரைவான அசைவு கொஞ்சம் குழைந்து தெரியும். அதைச் சரிசெய்யப் பல தொலைக்காட்சிகள் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களைத் தாமே தயாரித்துச் செருகுகின்றன. புது டிவி வாங்கிய வீட்டில் "என்னப்பா, ரஜினி படம் மெகா சீரியல் மாதிரி இருக்கே?" என்று யாராவது கேட்டால் காரணம் இதுதான். சீரியலும் கிரிக்கெட்டும் நொடிக்கு 50 அசைவுப் படிகளோடு வீட்டுக்கு வந்து பழகியவை. சினிமா 24 படிகளோடு பழகியது. நடுவே உள்ள வெற்றிடத்தை இயந்திரம் நிரப்பிவிட்டால், அதை நிரப்பிப் பழகிய நம் மனத்துக்கு அது சினிமாவாகத் தெரிவதில்லை. டாம் குரூஸ் 2018இல் காணொலி வெளியிட்டு, படம் பார்க்கும்போது அந்த வசதியை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

வெட்டியது தெரியவில்லை

ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே உள்ள இடைவெளி நொடியில் ஒரு துளி. ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே உள்ளது பெரிய பள்ளம். கதாநாயகன் கதவைத் திறக்கிறான், கட், மதுரையில் ஒரு தெரு. உலகத்தில் எங்கும் இப்படி நடப்பதில்லை. ஆனாலும் யாரும் திடுக்கிடுவதில்லை. ஏன்?

ஒரு காரணம், நம் கண்ணே நாள் முழுக்க வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கண் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை தாவுகிறது. தாவும்போது வரும் குழம்பிய காட்சியை மூளை நம்மிடம் காட்டுவதில்லை. நம்பிக்கை வராவிட்டால் கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணைப் பாருங்கள், பிறகு வலக் கண்ணை. கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்கும் தங்கையைக் கேட்டால், "அண்ணா, முழி அங்கயும் இங்கயும் போகுது" என்பாள்.

இன்னொரு காரணம், படத்தொகுப்பாளரின் கைவண்ணம். ஒருவர் நாற்காலியில் உட்காரத் தொடங்கும்போது வெட்டி, உட்கார்ந்து முடிப்பதை வேறு கோணத்தில் காட்டினால் நம் கவனம் அசைவோடு போய்விடுகிறது. வெட்டு விழும் இடத்தில் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லிவிட்டே டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 2008இல் படத்துண்டுகளைக் காட்டினார்கள். இப்படி அசைவின் நடுவே வெட்டிய இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றைப் பார்வையாளர்கள் தவறவிட்டார்கள். தேடச் சொல்லியும் தெரியவில்லை.

படப்பிடிப்புத் தளத்தில் "லுக் எந்தப் பக்கம்?" என்று உதவி இயக்குநர் கத்துவதும் இதற்காகத்தான். எதிரெதிரே நின்று பேசும் இருவருக்கு நடுவே கற்பனையாக ஒரு கோடு. கேமரா அதன் ஒரே பக்கத்தில் இருக்கும் வரை ஒருவர் இடப்புறமும் மற்றவர் வலப்புறமும் பார்ப்பார்கள். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதாகத் தெரியும், பேச்சு முறிந்துவிடும். 180 பாகை விதி என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுவது, தளத்தில் 'லைன் கிராஸ்' என்ற இரண்டு சொல்லில் அடங்கிவிடும்.

கண் சிமிட்டலிலும் ஒரு செய்தி இருக்கிறது. ஜப்பானில் தமாமி நகானோவின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், 'மிஸ்டர் பீன்' காட்சிகளைப் பார்த்தவர்கள் ஒரே நேரத்தில் சிமிட்டுவது தெரியவந்தது. ஒரு செயல் முடிந்த இடம், முக்கியமாக எதுவும் நடக்காத இடம் ஆகியவற்றில் சிமிட்டல்கள் சேர்ந்து விழுந்தன. கதை இல்லாத இயற்கைக் காட்சிகளைக் காட்டியபோது இந்த ஒற்றுமை காணப்படவில்லை. அம்பத்தூர் ராக்கி திரையரங்கில் நிறைந்த காட்சி ஓடும்போது, ஒருவரை ஒருவர் அறியாத நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து சிரிப்பது மட்டுமல்ல, சேர்ந்து கண்ணை மூடவும் கூடும். எதைத் தவறவிட்டால் நஷ்டமில்லை என்று கதை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போகிறது.

இதெல்லாம் பழக்கத்தால் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா? 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டியபோது, முதன்முதலாகப் படம் பார்த்தவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு வைக்கவில்லை. ஆனால் நூறு ஆண்டு கழித்து ஸ்டெஃபன் ஷ்வான், செர்மின் இல்டிரார் இருவரும் துருக்கியின் மலைக் கிராமங்களில் படமே பார்த்திராத பெரியவர்களைத் தேடிப் பிடித்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில், பழகிய வேலை ஒன்று தொடர்ச்சியாக நடக்கும் காட்சிகளில் வெட்டுகளைத் தாண்டி அவர்களால் கதையைப் பின்தொடர முடிந்தது. அந்தத் தொடர்ச்சி இல்லாத இடங்களில் தடுமாறினார்கள். பள்ளத்தைத் தாண்டும் கால் பிறவியிலேயே இருக்கிறது. ஆனால் அக்கரை எங்கே என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

முகத்தில் இல்லாத உணர்ச்சி

அசைவை நிரப்பிய மனம் அடுத்து உணர்ச்சியையும் நிரப்புகிறது. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவ், இவான் மொஸ்யூகின் என்ற நடிகரின் எந்தப் பாவமும் இல்லாத முகத்தை எடுத்து, அதற்கு அடுத்து ஒரு முறை சூப்புத் தட்டு, ஒரு முறை சவப்பெட்டி, ஒரு முறை ஒரு பெண் என்று ஒட்டிக் காட்டியதாகச் சொல்வார்கள். பார்த்தவர்கள் அந்த நடிகரின் பசியையும் துயரத்தையும் ஆசையையும் மெச்சினார்களாம். முகம் ஒன்றேதான்.

விடைத்தாளில் இதை வேதவாக்காக எழுதும் முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த மூலப் படச்சுருள் நம்மிடம் இல்லை. 1992இல் ஸ்டீஃபன் பிரின்ஸ், வெய்ன் ஹென்ஸ்லி இருவரும் சோதனையை மறுபடி நடத்தியபோது பெரும்பாலோர் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை என்றே சொன்னார்கள். 2006இல் மூளை ஸ்கேனோடு நடந்த ஆய்வு ஒன்றில், முன்பின் வரும் காட்சிக்கேற்ப முகத்தின் பொருள் மாறுவது மீண்டும் தெரிந்தது. விளைவு உண்டு, ஆனால் கதையில் வரும் அளவுக்கு அது மந்திரம் அல்ல. இந்த மூன்றையும் சேர்த்து எழுதுகிற மாணவருக்குக் கூடுதல் மதிப்பெண் போடத் திருத்துபவருக்குக் கை தானாகவே வரும்.

நம் மெகா சீரியல்கள் இந்தத் தத்துவத்தை நாள்தோறும் பயிற்சி செய்கின்றன. மாமியார் ஒரு சொல் சொல்கிறார், இசை அதிர்கிறது, மருமகள் முகம், நாத்தனார் முகம், மூத்த மருமகன் முகம், வேலைக்கார அம்மா முகம். பாதி முகங்களில் ஒன்றுமே இல்லை. மாமியார் சொன்ன சொல்லை எடுத்து அந்த முகங்களில் பூசுவது வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாம்.

இதே பூச்சுக்கு இன்னோர் உதாரணமும் உண்டு. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி இருக்கிறது. 2017 முதல் தமிழ் பிக்பாஸ் வீடு அமைக்கப்பட்ட இடம் அது. அந்த வீட்டுக்குள் ஒரு நாள் என்பது 24 மணி நேரம். இரவு நாம் டிவியில் பார்க்கும் தொகுப்பு ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்பின். பல கேமராக்கள் பதிந்ததில் இருபதில் ஒரு பங்கு கூட மிஞ்சுவதில்லை. எந்த முகத்துக்குப் பக்கத்தில் எந்த முகம் என்பதில்தான் "இவர் நல்லவர், அவர் சூழ்ச்சிக்காரர்" என்ற நம் தீர்ப்பு பாதி எழுதப்படுகிறது. 2024இல் பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அது எழும்போது இந்த வட்டாரத்து மாணவர்களுக்கு, தாங்கள் படித்த யூனிட்கள் பேருந்து எட்டும் தூரத்தில் தொழிலாகவே காத்திருக்கும்.

வழவழப்பு ஏமாற்றும்

இனி தேர்வுக்கு வருவோம். இதுவரை பார்த்ததெல்லாம் ஒரே செய்தியின் வெவ்வேறு உருவங்கள். படத்துக்கும் படத்துக்கும், கோட்டுக்கும் கோட்டுக்கும், ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் வேலை செய்வது பார்ப்பவரின் மூளை. அந்த வேலை தனக்கே தெரியாதபடி நடப்பதால்தான் சினிமா இவ்வளவு வழவழப்பாக ஓடுகிறது.

நோட்ஸைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போதும் அதே வழவழப்பு வருகிறது. மூன்றாம் முறை படிக்கும்போது எல்லாம் தெரிந்ததாக இருக்கிறது, வரிகள் ஓடுகின்றன. ஆனால் இங்கே அது ஆபத்து. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: மறுபடி படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

இதில் பாடம் இரண்டு. முதலாவது, தேர்வு அறை வாசலில் ஒரு முறை புரட்டுவது ஐந்து நிமிடத்துக்கு உதவும், அதற்குமேல் அதை நம்பக்கூடாது. இரண்டாவது, மறந்ததை இழுத்து வெளியே கொண்டுவரும் சிரமம்தான் நினைவைக் கெட்டிப்படுத்துகிறது. ஆகவே சிரமம் இருக்கும்படி இடைவெளி விட வேண்டும். தேர்வு பத்து நாளில் என்றால், ஒரு யூனிட்டை இன்று முடித்து, ஓரிரு நாள் விட்டு, தாளை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது நல்ல கணக்கு. ஒரே இரவில் ஐந்து முறை படிப்பதைவிட ஐந்து நாளில் ஒவ்வொரு முறை நினைவுகூர்வது அதிகம் தங்கும்.

விஸ்காம் மாணவருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. அவருடைய பாடநூல் வீட்டுக் கூடத்திலேயே ஓடுகிறது. அம்மா பார்க்கும் சீரியலில் ஐந்து நிமிடத்தை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்து, ஒவ்வொரு வெட்டுக்கும் தாளில் ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம். எந்த வெட்டைத் தவறவிட்டோம் என்று திருப்பிப் போட்டுச் சரிபார்த்தால், ஸ்மித்தும் ஹெண்டர்சனும் சொன்னது சொந்த அனுபவமாகிவிடும். எந்த முகத்தில் உண்மையிலேயே நடிப்பு இருந்தது, எதில் நாமே பூசிக்கொண்டோம் என்று பிரித்து எழுதினால் குலஷோவ் பற்றிய பத்து மதிப்பெண் தயார். "லுக்" எந்த இடத்தில் தவறியது என்று கண்டுபிடித்தால் 180 பாகை விதிக்கு, எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத உதாரணம் கிடைக்கும். மறுநாள் டிவியும் தாளும் இல்லாமல் இதையெல்லாம் எழுதிப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

சினிமாக்காரர்கள் நூறாண்டாக இடைவெளியை மறைக்கக் கற்றார்கள். அது அவர்கள் தொழில். படிப்பவருக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. வேண்டுமென்றே தாளை மூடி, எங்கே அறுகிறது என்று பார்த்து, அறுந்த இடத்தில் தானே முடிச்சுப் போட வேண்டும். "படம் பாக்குறதுக்கெல்லாம் பரீட்சையா" என்று கேட்பவர்களுக்கும் அதில் பதில் இருக்கிறது. பார்ப்பது என்பதே மூளை ஓயாமல் எழுதும் ஒரு பரீட்சை. கேள்வித்தாளைக் கையில் எடுத்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பாடத்தின் வேலை.